மனிதர் மாதிரித் தும்மும் பிராணி

திருகோணமலை உப்புவெளியில் நான் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கும் கொட்டகையில் போன மாதம் பாதி வாங்கு காலி. பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சலும் தடிமனும். வந்திருந்தவர்களும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒளித்தொகுப்பை இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, அன்றைக்கு இன்புளுவென்சா வைரசைப் பற்றியே பேசினேன். பேச்சுவாக்கில் பலகையில் ‘விலங்கு மாதிரி’ என்று எழுதிவிட்டேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டான்: “சேர், விலங்கு மாதிரி எண்டா என்ன? விலங்கைப்போல நடந்துகொள்ளுறதோ?”

வகுப்பு சிரித்து ஓய இரண்டு நிமிடம் பிடித்தது. ஆனால் அவன் கேட்டது பகிடிக் கேள்வி இல்லை. மனிதரில் நேரடியாகச் செய்து பார்க்க முடியாத ஒன்றை இன்னொரு விலங்கில் செய்து பார்க்கிறார்களே, அந்த விலங்குக்குத்தான் ஆய்வுத்துறையில் ‘மாதிரி’ என்று பெயர். நம் பேச்சில் மாதிரி என்றால் ‘போல’. “பிள்ளை தகப்பன் மாதிரி” என்று சொன்னால், அவன் முழுத் தகப்பன் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மூக்கு தகப்பனுடையது, கோபம் தாய்மாமனுடையது என்று அடுத்த வசனத்திலேயே பிரித்துப் பேசுவோம். எந்த விலங்கு எந்த விஷயத்தில் மனிதர் மாதிரி என்று அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், இந்தத் துறையில் பாதி விளங்கிவிடும்.

விலங்கு எதற்கு, கலங்கள் போதாதா என்று கேட்கலாம். கண்ணாடித் தட்டில் கலங்களை வளர்த்து, அதில் வைரஸ் புகுவதையும் பெருகுவதையும் பார்க்கலாம்தான். ஆனால் தட்டுக்குக் காய்ச்சல் வராது. தட்டு தும்மாது. தடுப்பூசி போட்டால் கிருமியை எதிர்க்கும் புரதமான பிறபொருளெதிரி சுரப்பதற்கு ஒரு முழு உடம்பு வேண்டும். சாதாரணப் பருவகாலக் காய்ச்சல் வைரசைச் சுகதேகிகளான தொண்டர்களுக்கு, அவர்களுடைய சம்மதத்தோடு கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் உண்டு. 1997இல் ஹொங்கொங்கில் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்ற எச்5என்1 பறவைக் காய்ச்சலை அப்படி யாருக்குக் கொடுப்பது?

இந்தப் பெயரிலுள்ள எச், என் இரண்டும் வைரசின் மேற்பரப்பில் முள்முள்ளாக நிற்கும் இரண்டு புரதங்கள். எச் என்பது ஹீமகுளுட்டினின். கலத்தைப் பற்றிக்கொள்ளும் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். என் என்பது நியூராமினிடேஸ்; பெருகிய புது வைரசுகளைக் கலத்திலிருந்து அறுத்து வெளியே விடும் கத்தரி. உள்ளே பரம்பரைத் தகவல் எட்டு ஆர்என்ஏ துண்டுகளாக இருக்கிறது. ஒரே கலத்துக்குள் இரண்டு வகை வைரசுகள் ஒரே நேரத்தில் புகுந்தால், இந்தத் துண்டுகள் குலைத்த சீட்டுக்கட்டு மாதிரிக் கலந்து, உலகம் முன்பின் கண்டிராத ஒரு வைரஸ் வெளியே வரலாம். 1957, 1968 உலகத் தொற்றுகள் அப்படி வந்தவைதான். பறவை வைரசின் சில துண்டுகள் மனித வைரசுக்குள் வந்து சேர்ந்திருந்தன.

இன்னும் ஒன்று மட்டும், பிறகு கதைக்குப் போவோம். எச் என்ற கை பற்றிக்கொள்ளும் இடத்துக்குப் பாடநூலில் வாங்கி என்று பெயர். இன்புளுவென்சாவுக்கு அது சியாலிக் அமிலம் என்ற ஒரு சர்க்கரை. மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் இந்தச் சர்க்கரை பெரும்பாலும் ஆல்பா 2,6 என்ற விதத்தில் இணைந்திருக்கும். வாத்து போன்ற நீர்ப்பறவைகளின் குடலில் ஆல்பா 2,3. பூட்டு கொஞ்சம் மாறினால் திறப்பு சுலபமாகப் போகாது. பறவைக் காய்ச்சல் மனிதருக்கு மனிதர் இலகுவில் தாவாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இனி அந்தப் பிராணி. பெயர் ஃபெரெட். இலங்கையில் இல்லை. பார்வைக்குக் கீரி மாதிரி, ஆனால் கீரிக்குச் சொந்தமில்லை. நம் குளங்களில் எப்போதாவது தலைகாட்டும் நீர்நாயின் குடும்பம். ஐரோப்பாவில் முயல் வளைக்குள் விட்டு முயல் விரட்டுவதற்காக வளர்த்தார்கள்.

1933 வரை மனித இன்புளுவென்சாவுக்குக் காரணம் எது என்று உறுதியாகத் தெரியாது. பலர் ஒரு பற்றீரியாவைச் சந்தேகித்தார்கள். அந்தப் பற்றீரியாவின் பெயரில் ‘இன்புளுவென்சா’ என்ற சொல் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாவம், செய்யாத குற்றத்துக்கு. லண்டனில் மருத்துவ ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனத்தில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் அன்ட்ரூஸ், பட்ரிக் லெயிட்லோ என்ற மூவர், காய்ச்சல்காரர் தொண்டை கொப்பளித்த நீரை எடுத்து, பற்றீரியா தங்கிவிடும் வடிகட்டியில் வடித்து, ஃபெரெட்டின் மூக்கில் விட்டார்கள். இரண்டொரு நாளில் அதற்குக் காய்ச்சல் வந்தது. மூக்கு ஒழுகியது. தும்மியது. வடிகட்டிக்குத் தப்பிய ஏதோ ஒன்றுதான் நோயைத் தருகிறது, அதாவது வைரஸ், என்பது அங்கேதான் பிடிபட்டது.

உலகத்தில் இத்தனை பிராணி இருக்க, ஏன் ஃபெரெட்? அதே நிறுவனத்தில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நோய் ஃபெரெட்டுக்கும் தொற்றும் என்பதால் கூட்டில் ஃபெரெட்டுகள் தயாராக இருந்தன. அவ்வளவுதான். இதில் உபத்திரவமும் இருந்தது: கூட்டுக்குள் டிஸ்டெம்பர் புகுந்துவிட்டால், ஃபெரெட் எந்த நோயில் தும்முகிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அடைத்து, ஆட்களும் உடுப்பை மாற்றிக் கிருமிநாசினியில் கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. அதன் மூச்சுப்பாதையில் நம்முடையதைப் போலவே ஆல்பா 2,6 பூட்டுகள் இருப்பது எத்தனையோ வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. காரணம் தெரியாமலே சரியான பிராணியைப் பிடித்துவிட்டார்கள்.

1936இல் நடந்ததை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை. சார்ள்ஸ் ஸ்டுவர்ட்-ஹரிஸ் என்ற இளம் ஆய்வாளர் நோயுள்ள ஒரு ஃபெரெட்டைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அது அவருடைய முகத்துக்கு நேரே தும்மியது. இரண்டு நாளைக்குள் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். படுத்தவரின் தொண்டையிலிருந்து மறுபடியும் வைரசைப் பிரித்தெடுத்தார்கள்! மனிதரிலிருந்து ஃபெரெட்டுக்கு, ஃபெரெட்டிலிருந்து மனிதருக்கு என்று வட்டம் பூர்த்தியானது. அவருக்கு நல்ல காய்ச்சல், ஆய்வுக்கு நல்ல காலம்.

இப்போது அந்தத் தும்மலை எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு கூடுகளை அருகருகே வைப்பார்கள். நடுவே துளையிட்ட தகடு. காற்று போகும், மூக்கோடு மூக்கு முட்டாது. ஒரு பக்கத்து ஃபெரெட்டின் மூக்கில் வைரசைச் சொட்டு சொட்டாக விட்டு, மறுநாள் மறுபக்கத்தில் சுகமான ஒன்றை விடுவார்கள். காற்று நோயாளியிடமிருந்து சுகமானதை நோக்கி மட்டும் ஓடும். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டின் மூக்கையும் உப்புநீரால் கழுவி, அந்த நீரில் வைரஸ் எவ்வளவு என்று எண்ணுவார்கள். நிறையும் உடல் வெப்பநிலையும் தினமும் குறிக்கப்படும். சுகமானதன் மூக்கில் வைரஸ் தோன்றினால், அந்த வைரஸ் காற்றில் பரவக்கூடியது. புதிதாக ஒரு பறவைக் காய்ச்சல் மனிதரில் தலைகாட்டினால் ஆய்வுகூடங்கள் முதலில் ஓடிப்போய்ச் செய்யும் சோதனைகளில் இது ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், ஃபெரெட்டுக்கு நம் காய்ச்சல் அவ்வளவு இலகுவாகத் தொற்றுவதால், தடிமன் பிடித்த பராமரிப்பாளரைக் கூட்டுப் பக்கம் விடமாட்டார்கள். ஆய்வுக்கு வாங்கும்போதே குருதியைச் சோதித்து, முன்பு காய்ச்சல் வந்ததற்கான பிறபொருளெதிரி இல்லை என்று உறுதிசெய்வார்கள்.

எலிக்கு வருவோம். வெள்ளெலி மலிவு, சின்னது, வருடத்துக்குப் பல தலைமுறை. நிர்ப்பீடனத்தை, அதாவது உடம்பின் நோயெதிர்ப்பை, ஆராய இதைவிட வசதியான பிராணி இல்லை. ஆனால் காய்ச்சல் விஷயத்தில் அது நம் மாதிரி இல்லை. வைரஸ் தொற்றினால் அதற்கு உடம்பு சுடாது, மாறாகக் குளிர்ந்துபோகும், தும்மலும் இல்லை. மூச்சுப்பாதையில் பெரும்பாலும் பறவைப் பூட்டு. பல மனித வைரசுகளை முதலில் எலியில் பழக்கித்தான் எடுக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஜீன் லிண்டென்மன் ஒரு வகை ஆய்வுகூட எலி மட்டும் இன்புளுவென்சாவுக்கு மசியவில்லை என்று கண்டார். அதனிடம் எம்எக்ஸ் என்ற பரம்பரையலகு ஒழுங்காக வேலைசெய்தது. மற்ற ஆய்வுகூட எலிகளில் பெரும்பாலானவற்றில் அது பழுது. நாம் இத்தனை காலமாக ஆயுதம் பறிக்கப்பட்ட எலியில் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கினிப்பன்றி வேறு கதை. பெயரில்தான் பன்றி, எலி போலக் கொறிக்கும் பிராணி. அதற்கு நோய்க்குறி ஒன்றும் பெரிதாகத் தெரியாது, ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நன்றாகத் தொற்றும். நியூயோர்க்கில் பீட்டர் பலேசேயின் ஆய்வுக்குழு, அனீஸ் லோவன் முன்னின்று, கினிப்பன்றிகளை வெவ்வேறு வெப்பநிலையிலும் ஈரப்பதனிலும் வைத்துப் பார்த்தது. 2007இல் வந்த முடிவு: குளிர்ந்த, உலர்ந்த காற்றில் வைரஸ் நன்றாகப் பரவுகிறது. 30 பாகை செல்சியசில் காற்று வழியே பரவவேயில்லை. குளிர்நாட்டில் ஏன் மாரியில் காய்ச்சல் என்பதற்கு நல்ல விடை.

ஆனால் திருகோணமலைக்கு அது விடையா? இங்கே வருடத்தில் பாதி நாள் 30 பாகைதான், பிள்ளைகள் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே குழு 2008இல் இன்னொரு முறை பார்த்தது. 30 பாகையிலும் இரண்டு கினிப்பன்றிகளை ஒரே கூட்டில் போட்டால் தொற்று தடையில்லாமல் போனது. வெப்பநாடுகளில் காற்றைவிடத் தொடுகையும் நெருக்கமும் கூடுதலாக வேலைசெய்யலாம் என்பது அவர்களுடைய ஊகம். இது கினிப்பன்றி சொன்னது, மனிதர் சொன்னதில்லை என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் ஒரே வாங்கில் ஆறு பேர் இடித்துக்கொண்டு, ஒரே போத்தலில் தண்ணீர் குடிக்கும் என் வகுப்பைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஒற்றைக் கூடுதான் ஞாபகம் வருகிறது.

பன்றியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் மூச்சுப்பாதையில் இரண்டு பூட்டும் உண்டு, பறவை வைரசும் மனித வைரசும் கலப்பதற்கு அது ஒரு சட்டி. 2009இல் உலகம் சுற்றிய எச்1என்1இன் துண்டுகள் பன்றிகளிடமிருந்து வந்தவை. அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2009க்குப் பின் இலங்கையின் பன்றிகளைச் சோதித்தபோது, மனிதரில் காய்ச்சல் பெருகிய காலங்களில் அதே வைரஸ் பன்றிகளிலும் கண்டுபிடிக்கப்பட்டது. நாம்தான் அவற்றுக்குக் கொடுத்திருக்கிறோம். கண்டியில் பிறந்து பேராதனையில் மருத்துவம் படித்து, பிறகு ஹொங்கொங்கில் பறவைக் காய்ச்சல் ஆராய்ச்சியில் உலகப் பெயர் எடுத்த மலிக் பீரிஸும் இந்த வேலையில் இருந்தார். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தடுப்பூசிக்கு வருவோம். வருடத்தில் இரண்டு முறை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், உலக சுகாதார நிறுவனம் வல்லுநர்களைக் கூட்டி அடுத்த பருவத்தின் ஊசியில் எந்த வைரஸ் வகைகளைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கிறது. லண்டன், அட்லாண்டா, மெல்பேர்ண், டோக்கியோ, பெய்ஜிங் என்று பல நகரங்களின் ஆய்வுகூடங்கள் அங்கே தரவுகளோடு வரும். அந்தத் தரவுகளில் பெரும்பங்கு ஃபெரெட்டின் குருதியிலிருந்து கிடைத்தவை.

எப்படி என்றால், குழிகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் தட்டை மனதில் வையுங்கள். ஒரு குழியில் வைரசையும் வான்கோழியின் செங்குழியங்களையும் விட்டால், வைரஸ் செங்குழியங்களைக் கை கோத்து வலைபோலப் பின்னிவிடும்; குழி முழுக்க மெல்லிய சிவப்பு பரவிக் கிடக்கும். அதற்கு முன்பே, தொற்றிக் குணமான ஒரு ஃபெரெட்டின் குருதியிலிருந்து பிரித்த சீரத்தை விட்டிருந்தால்? அதிலுள்ள பிறபொருளெதிரி வைரசின் கையைக் கட்டிப்போடும். செங்குழியங்கள் பின்னப்படாமல் அடியில் போய் இறங்கி, குங்குமப் பொட்டு வைத்தது போல நிற்கும். சீரத்தைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு என்று ஐதாக்கிக்கொண்டே போய், பொட்டு எந்தக் குழி வரை நிற்கிறது என்று பார்ப்பார்கள். பழைய வைரசுக்கு எதிரான சீரம் புது வைரசின் கையைக் கட்டத் தவறினால், அதாவது பொட்டு முன்பே கலைந்துவிட்டால், வைரஸ் மாறிவிட்டது. ஊசியையும் மாற்ற வேண்டும்.

இதற்கு மனிதரின் சீரம் ஏன் உதவாது? நம் குருதியில் சின்ன வயதிலிருந்து வந்துபோன எல்லாக் காய்ச்சலின் நினைவும் கலந்து கிடக்கிறது. ஃபெரெட்டுக்கு வாழ்நாளில் அந்த ஒரே தொற்றுத்தான். அதன் சீரம் ஒரே ஒரு வைரசைப் பற்றித்தான் பேசும். இங்கே ஃபெரெட் நம் மாதிரி இல்லாததுதான் வசதி.

உலகத் தொற்றுக்கு முன்கூட்டியே ஊசி தயாரிப்பதில் இன்னொரு சிக்கல். காய்ச்சல் தடுப்பூசியில் பெரும்பகுதி இன்றைக்கும் கருக்கட்டிய கோழிமுட்டையில்தான் வளர்கிறது. கோழியைக் கொல்லும் எச்5என்1ஐ முட்டையில் விட்டால் முளையம் செத்துப்போகும், வேலைசெய்பவர்களுக்கும் ஆபத்து. அதனால் வைரசுக்கு ஒரு வேடம் போடுவார்கள். எச்5 புரதத்தில் வைரசை உடம்பின் எல்லா உறுப்பிலும் பெருகவிடும் ஒரு சின்னப் பகுதியை வெட்டிவிட்டு, எச், என் இரண்டின் துண்டுகளை மட்டும் எடுத்து, மீதி ஆறு துண்டுகளுக்கு பிஆர்8 என்ற பழைய வைரசைப் பயன்படுத்துவார்கள். பிஆர்8 என்பது 1934இல் புவெர்ட்டோ ரிக்கோவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது; ஃபெரெட், எலி, முட்டை என்று எண்ணற்ற தடவை மாற்றி மாற்றி வளர்த்ததில் பல் போன பாம்பாகிவிட்டது. சேர்த்துச் செய்த இந்தக் கலப்பு வைரசைத் தொழிற்சாலைக்குக் கொடுக்குமுன் ஃபெரெட்டிலும் கோழியிலும் விட்டு, அது நிஜமாகவே சாதுதானா என்று பார்த்துவிடுவார்கள்.

ஊசி வேலைசெய்கிறதா என்பது அடுத்த சோதனை. ஃபெரெட்டுகளுக்கு மூன்று கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி போட்டு, பிறகு நிஜ வைரசை மூக்கில் விட்டு, போடாதவற்றோடு ஒப்பிடுவார்கள். இப்படிப்பட்ட சோதனைகளில் எச்5 ஊசிக்கு, உடம்பின் எதிர்வினையைக் கூட்டும் துணைப்பொருள் ஒன்றைச் சேர்த்தால் குறைந்த மருந்திலேயே பாதுகாப்புக் கிடைப்பது தெரிந்தது. சாதாரண ஊசியில் வகைக்கு 15 மைக்கிரோகிராம் புரதம். அமெரிக்காவில் 2007இல் அனுமதி பெற்ற முதல் எச்5என்1 ஊசிக்குத் துணைப்பொருள் இல்லாததால் ஒரு தடவைக்கு 90 வேண்டியிருந்தது. துணைப்பொருள் சேர்த்த இன்னொன்றுக்கு 3.75 போதும். உலகம் முழுவதும் வரிசையில் நிற்கும்போது இந்த வித்தியாசம் எத்தனை பேருக்கு ஊசி கிடைக்கும் என்பதையே மாற்றிவிடும்.

ஆனால் கொஞ்சம் முன்பு வசதி என்று சொன்னது இங்கே குறையாகிறது. காய்ச்சலே கண்டிராத ஃபெரெட்டின் உடம்பு ஊசிக்குக் காட்டும் எதிர்வினை, நாற்பது வருடக் காய்ச்சல் நினைவுள்ள நம் உடம்பில் அப்படியே வராது. அதனால் சில குழுக்கள் ஃபெரெட்டுக்கு முதலில் ஒரு பழைய வைரசைத் தொற்றவைத்து, ஓர் இறந்தகாலத்தைக் கொடுத்துவிட்டுத்தான் ஊசியைச் சோதிக்கின்றன. அதற்குப் பிறகும் கடைசிச் சொல் மனிதச் சோதனையுடையதுதான்.

சோதனை முடிவில் நுரையீரலைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த விலங்கைக் கொல்ல வேண்டும். இதை மறைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விலங்குக்கு மாற்று இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்று 1959இல் வில்லியம் ரசலும் ரெக்ஸ் பர்ச்சும் வகுத்த நெறியைத்தான் ஆய்வுகூடங்கள் இன்றைக்கும் பின்பற்றுகின்றன. இன்னொரு சர்ச்சையும் உண்டு. 2011இல் நெதர்லாந்தில் ரொன் ஃபூஷியேயின் குழுவும் அமெரிக்காவில் யொஷிஹிரோ கவயோக்காவின் குழுவும், ஃபெரெட்டுகளுக்கிடையே காற்றில் பரவும்படி எச்5 வைரசை மாற்றிக் காட்டின. இயற்கை எந்த வழியில் வரும் என்று தெரிந்துகொண்டோம் என்றார்கள் ஒரு சாரார். கள்ளனுக்கு வழி காட்டினீர்கள் என்றார்கள் மறு சாரார். 2012 தொடக்கத்தில் அந்த வகை ஆய்வை ஆய்வாளர்கள் தாங்களாகவே சில காலம் நிறுத்திவைத்தார்கள். நான் இரண்டாவது சாராரின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தவன்.

மணி அடிக்கப்போகும் நேரத்தில் அந்தத் தம்பி மறுபடியும் கையை உயர்த்தினான். “சேர், அப்ப கோட்டையில நிக்கிற மானைப் பாவிக்க ஏலாதோ?” நம் ஊரில் புள்ளிமான்கள் கடற்கரை வீதியில் கடலை கேட்டு ஆட்களிடம் வரும். கேள்வி அங்கிருந்துதான் வந்திருக்கும். மானை வைத்து யாரும் காய்ச்சல் ஆராய்வதில்லை என்றேன். ஆனால் 2024 மார்ச்சுக்கு முன்பு மாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். அந்த மாதம்தான் அமெரிக்காவில் கறவை மாடுகளில் எச்5என்1 இருப்பது தெரியவந்தது. மடியில் பறவைப் பூட்டு நிறைய இருந்தது, வைரஸ் பாலில் கொட்டியது, அந்தப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. ஆய்வுகூடத்தில் அதே பச்சைப்பாலை எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகளும் நோயில் விழுந்தன. பாலைப் போதிய நேரம் சூடாக்கினால் வைரஸ் அழிந்தது.

முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளைக்கு மூதூர். வீட்டில் எருமைத் தயிர் வியாபாரம். “எங்கட அம்மா காய்ச்சி ஆறவிட்டுத்தான் சேர் உறை ஊத்துறவ,” என்றாள், நான் ஏதோ அவர்களுடைய சட்டியைக் குறை சொல்லிவிட்ட மாதிரி.